வெள்ளவத்தை ஒழுங்கைத் திருத்தகமும் பாதியில் நின்ற இறுவட்டுகளும்

பெரியம்மாவின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலரோடு சேர்த்து, அவர் பாடிய தேவாரங்களை ஓர் இறுவட்டாகவும் கொடுப்பது என்று வீட்டில் முடிவானபோது, அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. 60 பிரதிகள் தேவைப்பட்டன. பென் டிரைவில் கொடுத்தால் என்ன என்று தம்பி கேட்டான்; ஆனால் அவற்றைக் கேட்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பெரியம்மாவின் வயதை ஒத்தவர்கள், விறாந்தையில் ஒரு பழைய சீ.டி. செட்டை இன்னமும் துணி போர்த்திப் பாதுகாப்பவர்கள். ஆகவே இறுவட்டுத்தான் என்று தீர்மானித்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மெல்லிய வெளி டி.வி.டி. ரைட்டரை அலுமாரியிலிருந்து எடுத்து, புறக்கோட்டையில் 50 வட்டுகள் கொண்ட ஓர் உருளைப் பொதியும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். இரண்டு இரவுகளில் 11 வட்டுகள் பாழாயின. காலி வீதியில் உள்ள பெரிய கடையொன்றுக்கு ரைட்டரைக் கொண்டுபோனபோது, அங்கிருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், லென்ஸ் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று கூறிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் தொடங்கினார். அதன் பிறகுதான், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சிறிய திருத்தகத்துக்கு ஒருவர் வழிகாட்டினார். இந்த விமர்சனம் அந்தத் திருத்தகத்தைப் பற்றியது.

கடை என்று சொல்வதே சற்று அதிகம். வீடொன்றின் வாகனக் கொட்டகையைத் தடுத்து எடுத்த அறை அது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. 'கணினி திருத்தப்படும்' என்று மும்மொழியிலும் எழுதிய ஒரு மட்டை மட்டும் தொங்குகிறது. மேசையில் பழைய மேசைக் கணினி ஒன்று மூடியின்றித் திறந்து கிடக்கிறது. ரயில் போகும்போதெல்லாம் சுவரில் தொங்கும் திருப்புளிகள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக வேலை செய்கிறார். கடல் உப்புக்காற்று எல்லா இரும்பையும் அரிக்கும் இடத்தில் இப்படியொரு தொழிலை நடத்துவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் என் ரைட்டரை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, பிழைத்துப்போன வட்டுகள் எங்கே என்று கேட்டார்.

நல்ல வேளையாக அவற்றை ஒரு சொப்பிங் பையில் போட்டு எடுத்துச் சென்றிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் குழல் விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தார். சாய்க்கும்போது, எழுதப்பட்ட பகுதி எழுதப்படாத பகுதியைவிடச் சற்று வேறு நிறத்தில் வளையமாகத் தெரிகிறது; அதைப் பார்க்க எனக்கே இரண்டு மூன்று தடவை கையைத் திருப்ப வேண்டியிருந்தது. இறுவட்டு உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பை நோக்கியே எழுதப்படுவதால், வளையத்தின் அகலமே வேலை எவ்வளவு தூரம் போய் நின்றது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். பதினொன்றில் நான்கு வட்டுகளில் வளையமே இல்லை. ஐந்தில் வளையம் வெவ்வேறு இடங்களில், கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தது. மீதி இரண்டிலும் வெளிவிளிம்புவரை முழுமையாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவை எந்தச் செட்டிலும் பாடவில்லை. அவர் அவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்து வைத்துவிட்டு, "இது ஒரு வருத்தமில்லை, பிள்ளை, மூண்டு வருத்தம்" என்றார். பெரிய கடைக்காரருக்குத் தெரியாமல் போனது இந்தப் பிரிப்புத்தான். நானும் மூன்றையும் ஒரே நோயாக எண்ணி, ஒன்றுக்கு மருந்து பார்த்தால் மற்றது குழப்பும்படி இரண்டு இரவுகளைக் கழித்திருந்தேன்.

பாதியில் நின்ற ஐந்தையும் முதலில் எடுத்தார். அவை நின்றபோது கணினி ஏதாவது ஒலி எழுப்பியதா என்று கேட்டார். எழுப்பியிருந்தது: யூ.எஸ்.பி. சாதனம் ஒன்றைப் பிடுங்கும்போது விண்டோஸ் எழுப்பும் அந்த இரட்டை ஒலி. என் மடிக்கணினியில் போர்ட்டுகள் குறைவாக இருப்பதால், விசைப்பலகை, மவுஸ், பென் டிரைவ், ரைட்டர் எல்லாவற்றையும், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், தனி மின்னிணைப்பு இல்லாத ஒரு ஹப்பில்தான் செருகியிருந்தேன். போதாக்குறைக்கு ஒரு மெல்லிய நீட்டிப்பு வடமும் இடையில் இருந்தது. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லியம்பியர், 3.0 ஆயின் 900. அந்த ஒரு போர்ட்டின் பங்கைத்தான் ஹப்பில் இருக்கும் அத்தனையும் பிரித்துக் குடிக்கின்றன. வட்டை வாசிக்கும்போது லேசருக்குச் சிறிதளவு சக்தி போதும். ஆனால் எழுதும்போது அது பலமடங்காகிறது, மோட்டாரும் அதே நேரத்தில் வேகமெடுக்கிறது. ஆகவேதான் படம் பார்க்கும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் ஒழுங்காக இருக்கும் ரைட்டர், எழுதும்போது மட்டும் திடீரென்று மயங்கி விழுகிறது. அவர் ஒரு சிறிய யூ.எஸ்.பி. மீற்றரை இடையில் செருகி, என் ஹப்பு வழியாகவே ஒரு வட்டை எழுதத் தொடங்கிக் காட்டினார். 5 வோல்ட்டுக்கு அருகில் நின்ற எண், லேசர் எழுத ஆரம்பித்ததும் படிப்படியாக இறங்கியது. ஒரு கட்டத்தில் ரைட்டரின் பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அந்த இரட்டை ஒலியும் கேட்டது.

"டிரைவிலை பிழையில்லை, பிள்ளை. கரண்ட் காணாது." இதற்கு அவர் தந்த மருந்து, ஒரு முனையில் இரண்டு யூ.எஸ்.பி. செருகிகளைக் கொண்ட கிளை வடம் ஒன்று. அதன் இரண்டு செருகிகளையும் மடிக்கணினியிலேயே நேரடியாகச் செருகியதும் எண் அசையாமல் நின்றது. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் முன்பக்கப் போர்ட்டை விட்டு, தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ள பின்பக்கப் போர்ட்டைப் பயன்படுத்தினாலே பெரும்பாலும் போதும் என்றார். எழுதும்போது மவுஸைக்கூடத் தொடாதே என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை நான் நினைவுபடுத்தியபோது சிரித்தார். தரவு வந்து சேரத் தாமதமானால் வட்டே வீணாகும் காலம் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் பர்ன்-புரூப் என்ற முறையைக் கொண்டுவந்ததிலிருந்து, தரவு தாமதமானால் ரைட்டர் எழுதுவதை நிறுத்தி வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அதே உத்தி வெவ்வேறு பெயர்களில் இன்று எல்லா ரைட்டர்களிலும் உண்டு. ஆனால், மின்சாரமே நின்றுபோனால் அந்த உத்தி எதுவும் செய்யாது.

வளையமே இல்லாத நான்கு வட்டுகளின் கதை வேறு. அவற்றில் மென்பொருள் காட்டிய செய்தி 'பவர் கலிபரேஷன் எரர்' என்பது. இந்தச் செய்தியைக் கண்டதும் மின்சாரக் கோளாறு என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இங்கே பவர் என்பது லேசரின் சக்தி. எழுதத் தொடங்குவதற்கு முன், வட்டின் உள்விளிம்பில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒடுங்கிய இடத்தில் ரைட்டர் வெவ்வேறு சக்தியில் எழுதிப் பார்த்து, அதைத் தானே வாசித்து, அந்த வட்டில் லேசரின் எழுத்தை ஏற்கும் சாயப் படலத்துக்கு எந்தச் சக்தி பொருந்தும் என்று முடிவுசெய்கிறது. சமையலில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பதுபோன்ற வேலை அது. எந்தச் சக்தியிலும் சரியான விடை கிடைக்காவிட்டால், அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு விலகிவிடும். அப்படிக் கிடைக்காமல் போக மூன்று காரணங்கள் இருக்கலாம்: வட்டின் சாயம் மோசமாக இருப்பது, லென்ஸில் தூசி படிந்திருப்பது, லேசரே வயதாகித் தளர்ந்திருப்பது. மூன்றாவதாக இருந்தால் பெரிய கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் மூன்றில் எது என்று அறிய, நல்ல வட்டொன்றை அதே ரைட்டரில் போட்டுப் பார்க்கும் ஐந்து நிமிட வேலை போதும். அதை அங்கே எவரும் செய்யவில்லை என்பதுதான் என் மனக்குறை.

இவர் முதலில் லென்ஸைப் பார்த்தார். மெல்லிய ரைட்டர்களில் லேசர்ப் பகுதி முழுவதும் தட்டோடு சேர்ந்தே வெளியே வருவதால் எதையும் கழற்ற வேண்டியதில்லை. தட்டைத் திறந்தாலே, கொண்டைக்கடலை அளவிலான அந்தக் கண்ணாடிப் புள்ளி கண்முன் நிற்கிறது. மேசைக் கணினியின் பெரிய டிரைவ்களில் அது உள்ளே ஒளிந்திருக்கும். என்னுடையதில் பாலாடைபோல் மெல்லிய படலம் ஒன்று இருந்தது. கொழும்பின் ஈரப்பதமும் இரண்டு ஆண்டு அலுமாரி வாசமும் செய்த வேலையாக இருக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, உதறி, அழுத்தாமல் ஒரே ஒரு தடவை வட்டமாகத் துடைத்தார். லென்ஸ் நுண்ணிய கம்பிகளில் மிதந்துகொண்டிருப்பதால் அழுத்தினால் அதன் நிலையே குலைந்துவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை. தூரிகை ஒட்டிய 'கிளீனர்' வட்டுகளை அவர் அறவே வெறுக்கிறார். அவற்றால் கெட்டுப்போன லென்ஸ்களை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அது சற்று மிகையாகப் பட்டது, ஆனால் ஜாடி என்னவோ நிறைந்துதான் இருந்தது.

துடைத்த பிறகும் என் வட்டுகளில் சில மறுத்தன. அடுத்ததாக, இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, வட்டின் தகவல் பகுதியைக் காட்டினார். 2013க்குப் பிறகு புதிய பதிப்பு வராத பழைய மென்பொருள்தான். என்றாலும் இந்த வேலைக்கு அதைவிடத் தெளிவானதை நான் பார்த்ததில்லை. எழுதக்கூடிய ஒவ்வொரு சீ.டி.யின் தடத்திலும், அதை உண்மையில் வார்த்த தொழிற்சாலையைக் குறிக்கும் நேரக் குறியீடு ஒன்று, பெரும்பாலும் 97 நிமிடம் என்று தொடங்குவது, உற்பத்தியின்போதே பொறிக்கப்பட்டிருக்கிறது. உறையில் அச்சிட்டிருக்கும் பெயருக்கும் அந்தக் குறியீட்டுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. என் உருளைப் பொதியின் மேல்பாதி வட்டுகள் ஒரு குறியீட்டையும் கீழ்ப்பாதி வட்டுகள் இன்னொரு குறியீட்டையும் காட்டின. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பொதி. எந்தக் குறியீட்டுக்கு எந்தச் சக்தியில் எப்படி எழுதுவது என்ற குறிப்பு ரைட்டரின் உள்மென்பொருளில் இருக்கிறது. அதில் இல்லாத வட்டைப் பொதுவான கணக்கில் எழுத முயன்று ரைட்டர் தடுமாறும். மேல்பாதி மறுத்தது, கீழ்ப்பாதி ஏற்றது. இரண்டு பாதிகளும் கலந்து கைக்கு வந்ததால்தான், ஒரு வட்டு எழுதி அடுத்தது மறுப்பதை எந்த ஒழுங்கிலும் அடக்க முடியாமல் நான் திண்டாடியிருக்கிறேன்.

வேகம் பற்றி எனக்கு ஒரு திடமான நம்பிக்கை இருந்தது: எவ்வளவு மெதுவாக எழுதினாலும் அவ்வளவு நல்லது. அவர் அதை மறுத்தார். வாதாடாமல், எழுதிக் காட்டி மறுத்தார். கீழ்ப்பாதி வட்டுகளில் மூன்றை எடுத்து 10, 16, 24 மடங்கு ஆகிய மூன்று வேகங்களில் எழுதி, ஒவ்வொன்றையும் அந்தத் திறந்த மேசைக் கணினியில் இருக்கும் பழைய லைட்-ஒன் டிரைவில் போட்டு, நீரோ டிஸ்க்ஸ்பீட் மென்பொருளால் பிழைகளை எண்ணினார். சீ.டி.யில் சிறு பிழைகள் எப்போதும் இருக்கும். செட்டு அவற்றைத் தானே திருத்திக்கொண்டு பாடும். சி1 எனப்படும் அந்த முதற்படிப் பிழைகள் சராசரியாக வினாடிக்கு 220ஐத் தாண்டக்கூடாது, சி2 எனப்படும் அடுத்த படியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. 24 வேகத்தில் எழுதிய வட்டின் வரைபடம் முதலில் புல்வெளியாக இருந்து, வெளிவிளிம்பை நெருங்கும் கடைசி மூன்றிலொரு பங்கில் பனைமரக் காடாக எழுந்தது. 10 வேகத்து வட்டு நடுத்தரம். 16 வேகத்து வட்டுத்தான் முதலிலிருந்து கடைசிவரை தாழ்வாகவே இருந்தது. அதிவேக எழுத்துக்கென்று தயாரித்த சாயம் மிக மெதுவான எழுத்திலும் சரியாக நடந்துகொள்வதில்லை. ரைட்டருக்கும் வட்டுக்கும் ஒத்துப்போகும் நடு வேகம் ஒன்று இருக்கிறது. அதை ஒரு வட்டைப் பலி கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வினாடிக்கு 150 கிலோபைட் என்ற ஒற்றை வேகத்தில் 80 நிமிட ஒலியை எழுத 80 நிமிடம் ஆகும் என்றால், 16 மடங்கில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே. 60 பிரதிகளுக்கு அதுவே ஒரு முழு நாள் வேலை.

இனி மூன்றாவது குவியல்: எழுதி முடிந்தும் பாடாத இரண்டு வட்டுகள். இவற்றில் ரைட்டருக்கோ வட்டுக்கோ குற்றமில்லை, குற்றம் முழுக்க என்னுடையது. வெற்று வட்டைப் போட்டதும், இதை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று விண்டோஸ் கேட்கிறது. யூ.எஸ்.பி. பிளாஷ் டிரைவ் போல என்பது முதலாவது தெரிவு, சீ.டி. பிளேயருடன் என்பது இரண்டாவது. யோசிக்காமல் முதலாவதை அழுத்தினால், கணினிகள் மட்டுமே புரிந்துகொள்ளும் ஒரு முறையில் வட்டு உருவாகும். பழைய செட்டு அதை வாயில் போட்டு, சற்றுச் சுழற்றிப் பார்த்து, துப்பிவிடும். இரண்டாவதை அழுத்தினாலும் எம்.பி.3 கோப்புகள் கோப்புகளாகவே போய்ச் சேரும், எம்.பி.3 தெரியாத செட்டில் அதுவும் உதவாது. விண்டோஸ் மீடியா பிளேயரில் ஒலி சீ.டி. என்று தனியாக இருப்பதைத் தெரிவுசெய்ய வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். அப்போது கணக்கு மெகாபைட்டில் இல்லை, நிமிடத்தில்: 700 மெகாபைட் வட்டில் 80 நிமிடம், அதற்கு மேல் ஒரு பதிகமும் ஏறாது.

இந்த இடத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டது. மென்பொருள் எதுவானால் என்ன என்பது அவருடைய நிலை. ஆனால் பெரியம்மா ஒரு தேவாரத்தை முடித்து, சுருதியை விடாமலே அடுத்ததை எடுப்பவர். ஒவ்வொரு தடமாக நிறுத்தி நிறுத்தி எழுதும் முறையில், இடையில் இரண்டு வினாடி மௌனம் விழுந்து அந்தச் சுருதி அறுந்துவிடுகிறது. வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி மூடும் முறையைத் தெரிவுசெய்து இடைவெளியைப் பூச்சியமாக்கினால்தான் அது தொடர்கிறது. இந்த வசதியை வெளிப்படையாகக் கொடுக்கும் மென்பொருளும் கொடுக்காத மென்பொருளும் உண்டு. கேட்டுப் பார்த்த பிறகு அவரும் ஒன்றும் பேசவில்லை. முகாரி போல இருக்கிறதே என்று மட்டும் சொல்லி, முழுப் பாட்டும் முடியும்வரை வேலையை நிறுத்தி வைத்தார்.

வட்டின் மேல் பெரியம்மாவின் படத்தை ஒட்டுதாளாக ஒட்டும் எண்ணத்தையும் அவர்தான் தடுத்தார். தாள் ஒரு மயிரிழை விலகி ஒட்டினாலும் வட்டு சமநிலை இழந்து அதிரும். ஈரக்காற்றில் விளிம்பு சுருண்டால் செட்டுக்குள் சிக்கும். அத்துடன் சீ.டி.யில் தரவுப் படலம் இருப்பது நாங்கள் கவனமாகத் துடைக்கும் அடிப்பக்கத்தில் அல்ல, பெயர் எழுதும் மேற்பக்கத்து மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே. ஒட்டுதாளை உரித்தால் படலமும் சேர்ந்து வந்துவிடும். டி.வி.டி.யில் அது இரண்டு 0.6 மில்லிமீற்றர்த் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது, சீ.டி.க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மேற்பரப்பில் நேரடியாக அச்சிடக்கூடிய வெள்ளை வட்டுகள் வேறாகக் கிடைக்கின்றன என்றார். கடைசியில் அவற்றையே வாங்கினேன். குறியீட்டைச் சரிபார்க்க முதலில் ஒன்றே ஒன்றை வாங்கி வந்து காட்டும்படி சொல்லி, அது சரியென்று கண்ட பிறகே மீதியை வாங்கவிட்டார்.

குறைகளும் உண்டு. அவர் எப்போது முடித்துத் தருவார் என்று கேட்டால் நேரடியான பதில் வராது. தொலைபேசியை எடுப்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது. அச்சிட்ட பற்றுச்சீட்டு கிடையாது. கொப்பித் தாளில் எழுதித் தருகிறார், உத்தரவாதம் என்ற சொல்லே அதில் இல்லை. அலுவலகத்துக்காகச் செலவுக் கணக்குக் காட்டவேண்டியவர்களுக்கு இது சிரமம். லேசர் உண்மையிலேயே தளர்ந்துவிட்டால் அதை மாற்றித் தரமாட்டார். மெல்லிய ரைட்டர்களில் அது கட்டுப்படியாகாத வேலை என்று திருப்பி அனுப்பிவிடுவார், அதில் அவர் சொல்வது சரிதான். இருப்பதற்கு ஒரேயொரு ஸ்டூல். ரயில் பக்கமாகத் திறக்கும் சன்னலால் தூசியும் வருகிறது. தூசிக்கு எதிராக இவ்வளவு பேசும் ஒருவர் அந்தச் சன்னலுக்கு ஒரு வலையாவது அடிக்கலாம்.

பரிசோதனைக்கும் லென்ஸ் துடைப்புக்குமாக 1,500 ரூபாவும் கிளை வடத்துக்கு 600 ரூபாவும் வாங்கினார். புது ரைட்டர் ஒன்றை விற்றிருந்தால் இதைவிட எத்தனையோ மடங்கு அவருக்கு மிஞ்சியிருக்கும்; அலுமாரியில் இரண்டு புதியவை பெட்டியோடு இருந்ததையும் நான் பார்த்தேன். 60 பிரதிகளையும் வீட்டிலேயே, அந்த வடத்தோடு, 16 வேகத்தில் எழுதினேன். பத்துக்கு ஒன்று வீதம் ஆறு வட்டுகளை அவரிடம் கொண்டுபோய்ப் பிழை எண்ணிப் பார்த்தபோது, ஒன்றில் மட்டும் வெளிவிளிம்பில் சி2 தலைகாட்டியது. அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லி, இரண்டை ஒதுக்கி, நான் மறுபடி எழுதிக்கொண்டு வந்தபின் பார்த்துத் தந்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

திருத்தகம் வழக்கமாகப் பிற்பகலில் திறந்து இரவு எட்டு மணி அளவில் மூடுகிறது, போயா நாட்களில் திறப்பதில்லை. போகிறவர்கள் ரைட்டரை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. அதோடு பயன்படுத்திய வடத்தையும், ஹப்பு இருந்தால் அதையும், எழுதாத வட்டுகளில் இரண்டையும், முக்கியமாகப் பிழைத்துப்போன வட்டுகள் அத்தனையையும் எடுத்துச் செல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டுக்குப் போய்க் குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டு வரும்படி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.